ஒரே கதை

செவ்வாய் இரவு, பொத்துவில்.

ஹோட்டலில் இன்று மதுபானம் பரிமாறுகிற எங்களுக்குப் பயிற்சி. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவருக்கு குடிவெறி ஏறிவிட்டது, இனி ஊற்றாதீர்கள், கோபப்படாமல் தண்ணீர் கொடுங்கள் என்றார் பயிற்சி தந்தவர். வெறிகாரனாக நடிக்க என்னைத்தான் எழுப்பினார். வாயில் வைத்தே அறியாத நான் திறமாக நடித்தேனாம். எல்லோரும் கை தட்டினார்கள்.

அறையில் நான் மட்டும். சாய்ந்தமருதிலிருந்து உம்மா அழைத்தார்.

"இண்டைக்கி என்ன வேல மகன்?"

"சோறு கறி குடுத்தன் உம்மா."

"சாராயப் பக்கம் போறல்லதானே?"

"இல்ல உம்மா, சோறு கறி மட்டுந்தான்."

இரண்டு வருடமாக இதையேதான் சொல்கிறேன்.

"சரி மகன், தண்ணியக் குடிச்சிட்டுப் படு" என்றார்.

குரலில் கோபமே இல்லை.