உன் வாயில் வராத நம்பர்

அன்றைக்கு எளாவூர் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். காய்ச்சலோடு பாயில் கிடந்த நீ. உன் கொழுந்தன் முனுசாமி. அவன் பெண்டாட்டி காமாட்சி. மாத்திரை வாங்கிவந்து கொடுத்த பக்கத்து வீட்டு ரமணய்யா நைனா. உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நான். வாசலில் முனுசாமியின் லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் காதில் எதுவும் விழுந்திருக்காது, அதனால் அவனை விட்டுவிடுகிறேன். மற்றவர்களை நான் விடவில்லை.

இன்று காலை மணவாள நகரில், என் பேத்திக்கு பேங்கிலிருந்து ஒரு உறை வந்தது. ஓரத்தைக் கிழித்தாள். உள்ளே கறுப்பு மை பூசிய தாள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியது. உனக்குக் கொடுத்த உறையிலும் இதே வாசனைதான். "ஆயா, இது ரகசிய நம்பரு. யாரும் பாக்கக் கூடாது" என்று நடுவீட்டில் நின்று கத்தினாள் இவள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்துதான் இதை உனக்கு எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கேன்டீன் வேலைக்கு நீ வந்த முதல் நாள், தட்டு எண்ணச் சொன்னார்கள். "நாலு, அஞ்சு, ஆறு, அப்பால, எட்டு" என்று எண்ணினாய். சூப்பர்வைசர் முழித்தான்.

"இன்னாமே, ஒரு தட்டக் காணோம்?"

"தட்டு இருக்குது சார். பேருதான் சொல்ல மாட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன் வீட்டுக்காரன் பேர் ஏழில் தொடங்கும். கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உன் ஆத்தா சொல்லி அனுப்பியிருந்தாள். பேரை விட்டாய், சரி. கூடவே அந்த எண்ணையும் விட்டாய். ஏழரை மணி ரயிலை "ஆறரைக்கு அப்பால ஒரு மணி" என்பாய். ஏழைகள் என்ற சொல்லும் உனக்கு ஆகாது, "இல்லாதவங்க" என்பாய். வெங்காயம் உரிக்கும்போது உன் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்க நாங்கள் எத்தனையோ வித்தை செய்தோம். வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால், "லீவு நாளோட சேத்து எல்லா நாளும்" என்பாய். கேன்டீனுக்கே தெரியும். எளாவூருக்கே தெரியும். செக்போஸ்ட்டில் டீ விற்பவனுக்கும் தெரியும்.

அவன் இருந்தவரை உன் சம்பளத்தை நீ பார்த்ததில்லை. சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நிற்பான். கவரைப் பிரிக்காமல் கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோவுக்கு என்னிடம் சில்லறை கேட்பாய். கேன்டீன்காரர்கள் எல்லோருக்கும் பேங்கில் கணக்குத் திறக்க ஆள் வந்தபோது, உன் ஃபாரத்தை அவன் வாங்கி மடித்துப் பல் குத்தினான். "பொட்டச்சிக்கு இன்னாத்துக்கு பேங்கு? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றான். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எரிகிறது.

பிறகு செத்துத்தான் போனான். இரும்பு உருக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. உலைப் பக்கம் நின்றவன் துணி மூடித்தான் வீட்டுக்கு வந்தான். அழுது புரண்டபோதும் நீ பேர் சொல்லி அழவில்லை. இனிமேல் குறைய ஆயுசு ஏது என்று நான் கேட்டேன். "மேல போயும் அவரு அவருதானேக்கா" என்றாய்.

கான்ட்ராக்டர் கொடுத்த நஷ்டஈட்டை பேங்கில் போட நாம் இரண்டு பேரும் போனோம். கவுண்ட்டரில் இருந்த அம்மா புருஷன் பேர் கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய், நான் சொன்னேன். எந்தக் கவுண்ட்டராக இருந்தாலும் அது என் வேலை. பிறகு செல் நம்பர் கேட்டாள். நம் இரண்டு பேரிடமும் செல் இல்லை. "என் கொழுந்தன்துதான் இருக்குது, எழுதிக்கங்க" என்றாய். எழுதிக்கொண்டாள். காசு எடுத்தால் செய்தி வருமாம். திருடன் வந்தால் குரைக்கவேண்டிய நாயை அவன் மடியிலேயே கட்டிவிட்டு, நாம் போண்டா வாங்கித் தின்றோம்.

அடுத்த வாரம் கார்டும் கறுப்புத் தாள் உறையும் வந்தன. தாளில் இருக்கும் நம்பரை மெஷினில் மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் சொல்லாதே, எங்கேயும் எழுதிவைக்காதே என்று அந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நீ கண்ணாடிக் கதவுக்குள் போனாய். என்னை வெளியே நிற்கச் சொன்னாய். வாட்ச்மேன் பட்டன் காட்டிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெளியே வரும்போது உன் முகத்தைப் பார்த்தேன். அவன் போன பிறகு முதல்முறையாக அதில் ஒரு திமிர் இருந்தது.

"யக்கா, என் வாய்ல வராத நம்பரா போட்டுட்டேன். நாலும் அதேதான். தூக்கத்துலகூட ஒளற மாட்டேன். போலீசு அட்ச்சாக்கூட வராது."

அந்தக் காசில் உனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். செக்போஸ்ட்டுக்குப் பின்னால் ஓர் அறை வீடு, ஷீட் போட்டது, விலைக்கு வந்தது. பிள்ளை இல்லாதவள் நீ. முனுசாமி வீட்டில் நீ படுக்கும் இடத்துக்குக் கதவு கிடையாது, ஒரு புடவையைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். "உள்ள போயி தாப்பாப் போட்டுக்கினு ஒரு நாள் தூங்கணுங்கா" என்பாய். வீடு பேசி முடிப்பதற்கு முன்பே கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பூட்டு வாங்கினாய். கதவே இல்லாதவளுக்குப் பூட்டா என்று கடைக்காரன் கேட்கவில்லை, நான் கேட்டேன். "பூட்டு வந்தா கதவு வரும்" என்றாய்.

பிறகுதான் அந்தக் காய்ச்சல்.

முனுசாமி உன் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, கார்டு குடு. நம்பரு சொல்லு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு வரேன்" என்றான்.

ரமணய்யா நைனா உடனே கையை ஆட்டினார். "டப்பு விஷயம் நாலு பேரு நடுவுல பேசாத முனுசாமி. அந்தம்மா எழுந்து நடக்கட்டும், அதுவே போயி எடுத்துக்கும்."

நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய். "அது என் வாய்ல வராது தம்பி."

நீ மறுத்துவிட்டதாக நினைத்தாய். பாயில் கிடந்தபடியே காவல் காத்துவிட்டதாக நினைத்தாய்.

காமாட்சி முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க யக்கா வாய்ல வராதது இந்த ஒலகத்துலயே ஒண்ணுதான்!" நைனா சிரித்தார். காய்ச்சலிலும் உன் உதடு லேசாகச் சிரித்தது. முனுசாமி மட்டும் சிரிக்கவில்லை. தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விரல்கள் எனக்கு இப்போதும் தெரிகின்றன.

கார்டை அரிசி டிரம்முக்குள் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாய். தினமும் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாய். "கீதுக்கா" என்பாய். அது இருந்தது. அவன் எடுத்துக்கொண்டு போவான், கொஞ்சம் எடுப்பான், திரும்பவும் அதே முடிச்சுப் போட்டு அரிசிக்குள் புதைத்துவிடுவான். கார்டு இருந்தால் காசு இருக்கிறது என்று நினைத்தாய். பாஸ்புக்கை பேங்குக்கு எடுத்துப்போய் மாதம் ஒருமுறை வரவு செலவு ஏற்றி வாங்கவேண்டும் என்று உனக்குத் தெரியாது. காசு போகிறது என்று செய்தி ஒவ்வொரு முறையும் வந்தது. எடுத்தவன் சட்டைப்பையில்தான் டிங் என்றது.

அந்த ஓர் அறை வீட்டை விற்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போன நாள் வந்தது. மெஷின் துப்பிய சீட்டை என்னிடம் நீட்டினாய். எனக்கு எண் படிக்கத் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். நாம் உள்ளே ஓடினோம். பேங்கு ஆபீசர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க நம்பரைப் போட்டுத்தாம்மா எடுத்திருக்காங்க. யார்கிட்ட சொன்னீங்க?" என்றார்.

"யார்கிட்டயும் சொல்லல சார். என் வாய்ல வரவே வராது சார். நாங்க இல்லாதவங்க சார்."

அந்த நேரத்திலும் "ஏழைங்க சார்" என்று நீ சொல்லவில்லை. அவருக்கு நீ சொன்னது பாதிகூடப் புரியவில்லை.

முனுசாமி இல்லை என்று சாதிக்கவில்லை. லாரிக்கு டியூ கட்டினேன், திருப்பி வைத்துவிடுவேன் என்றான். "எங்க அண்ணன் காசுதானே" என்றும் சொன்னான். போலீசுக்குப் போகலாம் வா என்று உன்னை இழுத்தேன். "அவரு தம்பிக்கா" என்று புடவைக்குப் பின்னால் போய்ப் படுத்தாய். சாப்பாட்டை ஒதுக்கினாய். சுகர் மாத்திரையையும் ஒதுக்கியிருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த மழைக்கு நீ இல்லை. அந்தப் புடவைக்குப் பின்னால்தான் போனாய். கதவு இல்லாத இடம் என்பதால் வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் நீ சாவதைப் பார்த்தார்கள்.

பூட்டு என்னிடம் இருக்கிறது. இரண்டு சாவியும் அந்தக் கம்பி வளையத்திலேயே இருக்கின்றன. ஒரு கதவிலும் நான் அதை மாட்டவில்லை. மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்து மூடிவைக்கிறேன். துருப்பிடித்தால் உன் முகத்தில் விழிக்க முடியாது.

கொல்லையிலிருந்து உள்ளே போனேன். பேத்தி பிறந்த வருஷத்தையே நம்பராக வைக்கப் போகிறாளாம். திட்டினேன். "ஊருக்கே தெரிஞ்சத பூட்டா போடாதடி. நீ ஆசை வெச்சதையும் போடாத, நீ பயப்படறதையும் போடாத. ஒன்னத் தெரிஞ்சவன் மொதல்ல அங்கதான் கை வெப்பான். உன் செல் நம்பரக் குடு. மாசாமாசம் புக்குல ஏத்திக்கினு வந்து என்கிட்ட காட்டு." நீ செத்துக் கற்றுக்கொடுத்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் தலையைச் சொறிந்தாள். "செல் நம்பரு அப்பாதுதான் குட்த்துட்டேன் ஆயா. கார்டும் அப்பாதான் வெச்சுப்பாராம்."

என் மகன், நான் பெற்றவன், கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தான். "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

இவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். உன் சிரிப்பு. அச்சு அசலாக அதே சிரிப்பு.

நான் திரும்பவும் கொல்லைக்கு வந்துவிட்டேன். பூட்டு மடியில் கனக்கிறது. யாரிடம் போய் இனி என்ன சொல்ல?

முனுசாமி லாரியை விற்றுவிட்டுக் குடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். போன தீபாவளிக்கு வந்து வாசலில் நின்று அழுதான். தண்ணீர் கொடுத்தேன், பேசவில்லை. அவனை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னித்துவிடுவேன். அவன் அண்ணனைப் பார்த்து வளர்ந்தவன். காமாட்சி சிரிப்பை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். உன் வாயைப் பூட்டி சாவியை எடுத்துக்கொண்டு போனவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவனுக்காக நீ ஓர் எண்ணையே உலகத்திலிருந்து எடுத்தாய், அவன் உனக்கு ஒரு பாஸ்புக்கைக்கூடத் தரவில்லை. உனக்கு நோகும் என்று இவ்வளவு நேரம் அவன் பேரை எழுதாமல் வந்தேன். எல்லாக் கவுண்ட்டரிலும் உனக்காகச் சொன்னவள்தானே, இங்கேயும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலை.