டைட்டிலில் என் பெயர்

1947, மார்ச் 3. ஹாலிவுட்
படத்துக்காக நாங்கள் செட் போட்ட பெரிய வீட்டின் படிக்கட்டை மூன்றாவது தடவையாக இடிக்கச் சொன்னார் இயக்குநர். இடித்தோம். நாளை மறுபடி கட்ட வேண்டும். முதுகு விட்டுப்போகிறது.

மார்ச் 19
சொந்த ஊர் டுலூத்திலிருந்து தங்கை சிக்னேயின் கடிதம். அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாம். "அட்டை வீடு கட்டுறவன் எப்படியிருக்கான்?" என்று கேட்டாராம். நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்த மனிதர். என் வேலையை வேலையாகவே மதித்ததில்லை. அவரைச் சொல்லி என்ன? பதினேழு படம் செய்திருக்கிறேன், ஒன்றிலாவது என் பெயர் உண்டா? எங்கள் கலைப் பிரிவில் எவன் செட் போட்டாலும் திரையில் வருவது தலைவர் லாத்ராப்பின் பெயர்தான். அவருடைய ஒப்பந்தம் அப்படி. இந்தப் படத்துக்கு அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை.

ஏப்ரல் 2
டைட்டிலில் என் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டே விட்டேன்.
"பேரை வச்சு நாக்கு வழிக்கவா போறே?" என்றார் லாத்ராப்.
"எங்கப்பா பாக்கணும் சார்."
என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி, எனக்குக் கீழ போட்டுக்க. ஆனா மூணு கௌபாய் படம், வாயைத் திறக்காம முடிச்சுக் குடுக்கணும்."
ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 30
படம் டுலூத்துக்கு நவம்பர் ஏழாம் தேதி வருகிறது. தொடக்கத்திலேயே பெயர் வரும், அப்பாவை நேரத்தோடு கூட்டிப் போ என்று சிக்னேக்கு எழுதினேன்.

நவம்பர் 11
தந்தி. அப்பா போய்விட்டார். ரயிலில் மூன்று நாள். அடக்கத்துக்கு எட்ட முடியாது.

நவம்பர் 13
தந்திக்கு முன்பே சிக்னே போட்ட கடிதம் இன்றுதான் வந்தது.
"பனியில பஸ் லேட்டு அண்ணா. நாங்க உள்ள போறப்போ பாதிப் படம் ஓடிடுச்சு. அப்பா அந்தப் படிக்கட்டையே பாத்துக்கிட்டிருந்தார். 'யார் வீடோ, இதைச் செஞ்சவன் தொழில் தெரிஞ்சவன்'னார். 'அர்விட் கட்டினதுப்பா'ன்னேன். சிரிச்சுட்டார். 'அவனுக்கு ஆணியே அடிக்க வராதே'ன்னார். இங்கதான் படம் திரும்பத் திரும்ப ஓடுமே, அடுத்த தடவை தொடங்கறப்போ உன் பேரைக் காட்டிடலாம்னு இருந்தேன். ஆனா படம் முடியற நேரத்துல இருமல் தாங்காம எழுந்துட்டார்."
நான்தான்பா. நான்தான் கட்டினேன். இன்னும் ரெண்டு நிமிஷம் உக்காந்திருக்கக் கூடாதா?

டிசம்பர் 8
முதல் கௌபாய் படம் முடிந்தது. டைட்டில் பட்டியலோடு லாத்ராப்பே என் மேஜைக்கு வந்தார். "இதுலயும் உன் பேரைப் போட்டுடவா?"
"வேண்டாம் சார். உங்க பேரே இருக்கட்டும்."
அவர் பட்டியலை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது படத்துக்கு வரைய உட்கார்ந்தேன்.