அப்பாவின் ஆமென்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

யார்க்‌ஷயரிலிருந்து ஜிஜா. நான் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வற்றியதா? ஆரியங்கோட்டில் மழை விட்டதா?

ஒன்று நடந்தது. பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரி வேலையில் இல்லை, பேண்டில். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். வேலை முடிந்து இந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து வாசிக்கும் எங்கள் பித்தளைக் குழல் பேண்டில், ஆகக் கீழ்ச்சுரம் ஊதும் பாஸ் டிராம்போன்காரருக்குக் கால்முட்டு ஆபரேஷன். டெனர் டிராம்போன் வாசிக்கும் என்னிடம் அதைக் கொடுத்துவிட்டார்கள். பயங்கர கனம். ஊதுகிற காற்று எங்கே போகிறதென்றே தெரியவில்லை. தாளில் எழுதியிருப்பதும் எனக்குப் பழகாத முறை. ஒத்திகைக்கு முன்னால் ஒரு பாமாலை வாசிப்பார்கள். நம் சபையில் பாடுவதுதானே என்று காதை நம்பி ஊதினேன்.

கடைசி ஆமெனில் எல்லாரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அந்தச் சுரம் எங்கிருந்து வந்தது?" என்றார் பேண்ட் மாஸ்டர்.

தாளில் அது இல்லை அப்பா. என் டெனருக்கு அது எட்டவும் எட்டாது. சபையில் பாஸ் பாடும் நீங்கள் ஆமெனில் மட்டும் இன்னும் கீழே இறங்குவீர்களே, அது. இத்தனை வருஷம் சபையே அதைச் சரியென்று நம்பியிருக்கிறது. எனக்கு உதடு விறைத்துவிட்டது. நீங்கள் பின்னால் நிற்கிறீர்களோ என்று திரும்பியே பார்த்துவிட்டேன்.

"பாஸ் ஒருத்தருக்கும் கேக்காதாக்கும் மக்கா" என்பீர்கள். எனக்குக் கேட்டிருக்கிறது.

பிஜி அக்கா லீவு முடிந்து ஊரிலிருந்து இங்கே திரும்பும்போது சுக்கும் கருப்பட்டியும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பாமாலையையும் போனில் பாடி அனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.

ஆமெனைத் திருத்திவிடாதீர்கள்.

உங்கள்
ஜிஜா