சிலுவை எழும் சத்தம்

புதுவயல்
17 மார்ச் 2025

அன்புள்ள வின்சி,

இல்லை. மேடையில் ஏறப் பயந்துகொண்டு நான் இந்த வேலைக்கு வரவில்லை. கீழே நிற்பதுதான் பயமாக இருக்கிறது. நடிப்பவர்களுக்கு அடுத்த வசனம் தெரியும். எனக்கு அடுத்து எது தவறலாம் என்பது மட்டும் தெரியும்.

மேடை நிர்வாகி என்றால் என்னதான் செய்வாய் என்று கேட்டிருந்தாய். பிலாத்துவின் நாற்காலி எந்த லாரியில் வருகிறது, முள்முடி யாரிடம் இருக்கிறது, ஜெனரேட்டரில் டீசல் உண்டா, பேதுரு எந்த டீக்கடையில் நிற்கிறார். இதெல்லாம். தவக்காலம் முழுக்க ஊர் ஊராக இயேசுவின் பாடுகளைப் பாஸ்கா நாடகமாகப் போடும் இந்தக் குழுவில் இதைச் செய்யும் முதல் பெண் நான். மேனேஜர் ஜோசப் ராஜ் அண்ணன் ஒவ்வொரு ஊர்ச் சாமியாரிடமும் இதைப் பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, விசில் அடிச்சுத்தான் ஆளைக் கூப்பிடணுமா?" என்பார்.

உன் அண்ணன் வளன் நன்றாக இருக்கிறார். இயேசுவாக நடிப்பவர் நோன்பு தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஒருவேளைதான் சாப்பிடுவார், அது இங்கே வழக்கம். யூதாஸாக வரும் தேவா வேண்டுமென்றே அவர் எதிரில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்க்கிறான். "காட்டிக் குடுக்கப் போறவன் நானு. தெம்பு வேணாமா?" வளன் சிரிக்கிறார். சிரிக்கும்போது கன்னத்தில் ஒரு குழி. முன்பு இல்லாதது.

இனி பயம்.

சிலுவையை மேடையில் படுக்கவைத்திருப்போம். வளன் அதன்மேல் படுப்பார். இடுப்பில், துணிக்குள், தோல்வார். வாரின் பின்புறம் ஓர் இரும்பு வளையம், அதைச் சிலுவையில் இருக்கும் கொக்கியில் படைவீரர்கள் மாட்டுவார்கள். கைகளுக்குத் துணி வளையம். கால்கட்டை வெறும் காட்சிக்கு. ஆளைத் தாங்குவது அந்த வார் மட்டும். நான் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சை ஒருமுறை அடிப்பேன். பின்னால் செம்மலை அண்ணன் கம்பிவடத்தை இழுக்கும் வின்ச்சைச் சுற்றுவார். சிலுவை எழும், ஒரு மாடி உயரத்துக்கு. "உன் வெளிச்சம் வராம நான் கைப்பிடியத் தொடமாட்டேன் தாயி. ரோம ராசாவே வந்து சொன்னாலும் சரி." இது அவர் சத்தியம்.

நேற்று இங்கே அரிசி ஆலைக் களத்தில் மேடை. சிலுவை பாதி எழுந்தபோது ஒரு சத்தம் கேட்டது. டக். மரத்தின் சத்தம் இல்லை. கூட்டம் அழுதுகொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

இன்று காலை மரம், கம்பிவடம், வின்ச், கொக்கி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதுதான் பயம்.

ஈஸ்டர் முடிந்ததும் என் அப்பாவிடம் பேசுவதாக வளன் சொல்லியிருக்கிறார். இந்த வரியையும் உன் மடத்து சிஸ்டர் படிப்பார்களா? படிக்கட்டும்.

பதிலை தேவகோட்டைப் பங்குத்தந்தை இல்லத்துக்கு அனுப்பு. அடுத்து அங்கேதான்.

யூஜி


நவதுறவியர் இல்லம்
சிறுமலை அடிவாரம்
23 மார்ச் 2025

அன்புள்ள யூஜி,

சிஸ்டர் படித்தார்கள். "நல்ல பையனா?" என்று மட்டும் கேட்டார்கள். என் அண்ணன் என்றேன். உறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இங்கே தவக்காலத்தில் ஞாயிறு மட்டும்தான் கடிதம் எழுதலாம், வாங்கலாம். உன் புதுவயல் கடிதம் அலுவலக மேசையில் இருந்ததை நடுவில் ஒருநாள் பார்த்துவிட்டேன். உன் கையெழுத்து. ஞாயிறு வரை அதை நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். இது தவமா தண்டனையா என்று தெரியவில்லை.

ஒரு மனத்தாங்கல். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். மரத்துக்கு ஒரு பத்தி, கொக்கிக்கு ஒரு பத்தி. என் அண்ணனுக்கு ஒரு கன்னக்குழி. அவன் தூங்குகிறானா? நின்றுகொண்டிருக்கும்போது சுவரைப் பிடிக்கிறானா? அவன் பிடிவாதம் உனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பில் ஒரு பந்தயத்துக்காகக் காரைக்குடியிலிருந்து வீடுவரை செருப்பில்லாமல் நடந்து வந்தவன். சித்திரை மாதம். கால் கொப்புளத்தை அம்மாவிடம் காட்டவே இல்லை, நான்தான் பார்த்தேன்.

அந்த வாரை யார் மாட்டுகிறார்கள்?

அம்மாவுக்கு எதுவும் எழுதாதே. வாராவாரம் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள்.

உனக்காக ஜெபிக்கிறேன் என்று இங்கே எல்லாரும் கடிதத்தை முடிப்பார்கள். நான் இன்னும் அவ்வளவு கற்றுக்கொள்ளவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது, யூஜி. இதோடு நிறுத்துகிறேன்.

வின்சி


தேவகோட்டை
7 ஏப்ரல் 2025

அன்புள்ள வின்சி,

உன் மனத்தாங்கல் நியாயம். சரி, உன் அண்ணன். தூங்குகிறார். லாரியில், திரைச்சீலை மூட்டைமேல். சுவரைப் பிடிக்கிறார். நான் பார்த்தால் கையை எடுத்துவிடுகிறார்.

வாரை யாரும் மாட்டுவதில்லை. அவரே உடுத்திக்கொள்வார். முன்பு எப்போதோ அவசரத்தில் ஒருவன் பக்கிளைத் தவறான துளையில் மாட்டிவிட்டானாம். அதிலிருந்து சாம்பல் புதனன்று அளவு பார்த்து, பக்கிளைச் சரியான துளையில் வைத்து மெழுகு நூலால் தைத்துவிடுவார்கள். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். ஈஸ்டர் வரை அந்தத் தையலைப் பிரிக்கக் கூடாது. காலை நுழைத்து மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். திரைக்குப் பின்னால், தனியாக, ஜெபம் சொல்லிக்கொண்டு. வேறு யாரும் தொடுவதில்லை. அதனால் குழுவில் நான் பார்த்துச் சரியென்று சொல்லத் தேவையில்லாத ஒரே பொருள் அதுதான். மற்ற எல்லாம் என் பொறுப்பு.

அந்த மற்றவை என்னைத் தூங்கவிடவில்லை.

நேற்று மறுபடி டக். அதோடு அவர் இறங்கினார். கொஞ்சம்தான். தலை, சிலுவை உச்சியிலிருக்கும் பெயர்ப் பலகைக்குக் கீழே போனது. முகத்தில் ஒரு வேதனை வந்தது, அது நடிப்பில்லை. கூட்டத்தில் ஒரு பாட்டி மயங்கி விழுந்தார். இறங்கி வந்ததும் வளன் என்னிடம் கேட்டார்: "இன்னைக்கு நல்லா வந்துச்சுல்ல?"

மக்கள் போனில் எடுத்த படங்களை வாங்கிப் பார்த்தேன். முதல் ஊரில் தலை பலகையைத் தொடுகிறது. புதுவயலில் ஒரு கை இடைவெளி. இங்கே அதைவிட அதிகம். கொக்கி வளைகிறது என்று முடிவு செய்தேன். பட்டறையில் புதுக் கொக்கி அடித்து வாங்கியாயிற்று. ஆனால் பழையதைக் கல்மேல் வைத்துப் பார்த்தேன், வின்சி. அது வளையவே இல்லை.

ஜோசப் ராஜ் அண்ணனிடம் போனேன். பெரிய வெள்ளியன்று சிலுவையை ஏற்ற வேண்டாம், நிழலாகக் காட்டலாம் என்றேன்.

"ஏத்தாத பாஸ்காவா? சனம் உன்னையும் என்னையும் ஏத்திப்புடும்."

"அண்ணே, ஏதோ சரியில்லைண்ணே."

"எதுன்னு சொல்லு. மாத்திருவோம்."

நான் தொட்டுப் பார்த்த எல்லாம் சரியாகத்தான் இருந்தது. செம்மலை அண்ணன் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தாயி மூஞ்சியப் பாருங்க முதலாளி. கல்யாணப் பொண்ணு கணக்கா வேர்க்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பெரிய வெள்ளி வரை நாடகம் இல்லை. அன்று சிங்கம்புணரி. பதிலை அந்த ஊர்ப் பங்குத்தந்தை இல்லத்துக்கு அனுப்பு. வேண்டாமென்று நினைத்தாலும் பழக்கத்தில் கை தானாக டார்ச்சை அழுத்திவிடும். அதுதான் இப்போது பெரிய பயம். என் விரல்.

யூஜி


நவதுறவியர் இல்லம்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

யூஜி,

வணக்கம் நலம் எல்லாம் அப்புறம்.

இன்று காலை குருத்தோலைப் பவனியில் என் பாவாடை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. ஒரு கையில் ஓலை, ஒரு கையில் பாவாடை. பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஓசன்னா பாட்டை விட்டுவிட்டாள். பவனி முடிந்ததும் சிஸ்டர் ஊசி கொண்டுவந்து கொக்கியை உள்ளே தள்ளித் தைத்தார்கள். "நோன்புல எல்லாருக்கும் இப்படித்தான். சொல்ல வேண்டியதுதானே?"

அப்புறம்தான் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள்.

அதன் இரண்டாவது பத்தியை நினைத்துப் பார். நீயே எழுதியிருக்கிறாய். சாம்பல் புதனன்று அளவு. அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கொக்கி வளையவில்லை, யூஜி. மரம் சுருங்கவில்லை. என் அண்ணன்தான் சுருங்கியிருக்கிறான். அவன் கீழே இறங்க இறங்க வார் விலாவுக்கு ஏறுகிறது. ஏறி நிற்கும்போது வளையம் கொக்கியில் இடிக்கிறது. அதுதான் உன் டக். அடுத்தமுறை விலாவில் நிற்குமா?

போன் பேச அனுமதி கேட்டேன். உடனே கொடுத்தார்கள். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் எண் எனக்குத் தெரியாது. அவன் எண்ணும் தெரியாது. எல்லாம் போனில் இருந்தது, போனை வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அலுவலகத்தில் இருப்பது அம்மா எண் மட்டும். அம்மாவை அழைத்து எண்ணை வாங்கினால் காரணம் கேட்பாள். கேட்டால் அழுதுகொண்டு அங்கே வருவாள். அம்மா அழுதால் அவன் கட்டாயம் ஏறுவான். அவனை எனக்குத் தெரியும்.

வெள்ளிவரை நாடகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பி விரைவுத் தபாலில் போடுகிறேன். வியாழன் மாலைக்குள் உன் பதில் அழைப்பு இந்த அலுவலகத்துக்கு வராவிட்டால் அம்மாவை அழைப்பேன். எண் உறையின் பின்னால் இருக்கிறது.

அவன் தையலைப் பிரிக்க விடமாட்டான். விரதம் என்பான். அவனிடம் கெஞ்சாதே. நீ கெஞ்சினால் சிரிப்பான்.

வின்சி


சிங்கம்புணரி
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

அன்புள்ள வின்சி,

வியாழன் போனில் "கடிதம் வந்தது, பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள். பக்கத்தில் அவர் நின்றார். நேற்று நாடகம் முடிந்ததும் மறுபடி அழைத்து "இறங்கிவிட்டார்" என்றதும் முழு உண்மையில்லை. அவர் ஏறவே இல்லை.

நீ சொன்னபடியே நடந்தது. வாரைக் காட்டுங்கள் என்றேன். சிரித்தார்.

"இத்தனை ஊர்ல புடிச்சது இன்னைக்கு மட்டும் விட்டுருமாக்கும்?"

"ஒரு தடவை இறுக்கிப் பார்ப்போமே."

"மந்திரிச்சுத் தச்சது யூஜி. நான் ஆண்டவர்ட்ட குடுத்த வார்த்தை. நீ ஏன் இப்படிப் பயந்து சாகுற?"

ஜோசப் ராஜ் அண்ணனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது, அதைப் பார்த்தேன். ஆனால் சொன்னது இது: "ஈஸ்டருக்கு முன்னாடி தையலப் பிரிச்சோம்னு தெரிஞ்சா, அடுத்த வருசம் ஒரு சாமியாரும் நம்மளக் கூப்பிடமாட்டாக. இன்னைக்கும் நாளைக்கும்தானே. மெதுவா ஏத்தச் சொல்றேன்."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் வினோதம். தெரிந்தபிறகும் நாடகம் தொடங்கியது.

வளன் சிலுவைமேல் படுத்தார். கொக்கியில் வளையத்தை மாட்டினார்கள். சுத்தியல் சத்தம், மேளம், பிறகு அமைதி. என் இடம். டார்ச் கையில்.

பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டேன். விரலை நம்பவில்லை.

அமைதி நீண்டது. கூட்டத்தில் ஒரு குழந்தை, "அம்மா, ஏன் ஏத்தலை?" என்றது. ஜோசப் ராஜ் அண்ணன் திரைக்குப் பின்னால் ஓடினார். "செம்மலை, சுத்துய்யா!" செம்மலை அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வெளிச்சம் வரலையே முதலாளி." மேடையிலிருந்து வளன் பல்லைக் கடித்துக்கொண்டு, "குடு, யூஜி" என்றார். மைக் அதை லேசாகப் பிடித்தது. ஊர் முழுக்க என் பெயர் கேட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பாடகர்கள் தாமாகவே இறுதிப் பாட்டைத் தொடங்கினார்கள். திரையை இழுத்தேன். கூட்டம் முணுமுணுத்தது. யாரோ ஒருவன் சீட்டியடித்தான்.

திரை மூடியதும் வளன் கையை உருவிக்கொண்டு கோபமாக எழுந்தார். கொக்கியை யாரும் அவிழ்க்கவில்லை. அவரும் அவிழ்க்கவில்லை. எழுந்து என்னை நோக்கி நாலடி நடந்தவர், இடுப்பில் கையை வைத்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார்.

வார் கால்வழியே கழன்று சிலுவையிலேயே கிடந்தது. வட்டமாக. தையல் பிரியாமல்.



"அடுத்த வருசம் நீ வேணாம்மா" என்றார் ஜோசப் ராஜ் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. சரிண்ணே என்றேன்.

உன் அண்ணன் அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் பேசவில்லை. அப்பாவிடம் பேசுவாரா என்று கேட்காதே. ஆயிரம் பேருக்கு முன்னால் அவருடைய வார்த்தையை நான் உடைத்தேன். அவர் உயிரோடு இருந்துகொண்டு என்னை வெறுக்கலாம். அதற்கு நேரம் இருக்கிறது.

பயம் போகவில்லை. இன்று மாலை கடைசி ஊர், காரைக்குடிப் பக்கம். காலையில் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். வளன் வந்து, என் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வாரை வைத்துவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

பிளேடால் தையலைப் பிரித்தேன். பக்கிளை நாலு துளை உள்ளே தள்ளி மாட்டினேன். திரும்ப நூல் போடவில்லை. பையில் தேடி, டார்ச்சில் பேட்டரியைப் போட்டேன்.

யூஜி