லைட் எரியும் பெட்டி வேண்டாம்

அன்புள்ள பேத்திக்கு,

நலம்தானே? சமையல் வேலையில் எனக்குக் குறையில்லை. உன் கேமிங் கம்ப்யூட்டருக்கு போனில் பட்ஜெட் போட்ட அன்று நீ, உன் அம்மா, என் தம்பி, நான் இருந்தோம். அவன்தான் பட்டியலிலிருந்து கிராபிக்ஸ் கார்டை அடித்துவிட்டு, கம்ப்யூட்டருக்குக் கலர் லைட் எரியும் வெளிப்பெட்டியைச் சேர்த்தான். "பொம்பளப் புள்ள ஆடுறதுக்கு அதெல்லாம் எதுக்குக்கா? பளிச்சுன்னு இருந்தா போதும்" என்றான்.

கார்டு இல்லாமல் நீ ஆட ஆசைப்படும் அந்தத் துப்பாக்கி ஆட்டம் ஓடாதாம். நான் சமைக்கும் வீட்டு முதலாளியம்மாவின் மகள் எனக்கு அதை ஆடச் சொல்லித் தந்திருக்கிறாள். "உங்க பேத்தியும் வந்தா ஆட்டத்துக்குள்ள சேர்ந்தே நடக்கலாம் பாட்டி" என்றாள். நேற்று அதில் தனியாக நடந்தேன். எவனோ சுட்டுவிட்டான், பயப்படாதே, உடனே எழுந்துகொண்டேன்.

சாதாரணப் பெட்டி போதும். கார்டை வாங்கிக்கொண்டு சீக்கிரம் ஆட்டத்துக்குள் வா. பால் பொங்குகிறது, முடிக்கிறேன். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். என் தம்பியை மட்டும் மன்னிப்பதாக இல்லை.