சாப்பிடாத நாளின் ஊசி

மல்காஜ்கிரி, ஹைதராபாத்
திங்கட்கிழமை காலை

அன்புள்ள மாமாவுக்கு,

வெங்கட் வணக்கத்துடன் எழுதுவது. நான் இருக்கிறேன். வேலைக்குப் போய் வருகிறேன். இன்று மட்டும் லீவு சொல்லிவிட்டேன். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நேற்று போனிலேயே தெரிந்துவிட்டது.

"சாப்பாடே இறங்கலை மாப்பிள்ளை, ரெண்டு வாய் மோர் சாதம். அதுக்கு எதுக்கு ஊசி? நாலு நாளா விட்டுட்டேன், நல்லாத்தான் இருக்கேன்" என்றீர்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டு, டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்றேன். "கம்ப்யூட்டர் படிச்சவரும் இப்ப டாக்டர் ஆயிட்டாரா" என்று சிரித்தீர்கள். சுபா போன இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அவளுடைய துணிமணியை அத்தை வந்து பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் அவளுடைய இன்சுலின் பேனா மூன்று இருக்கிறது. கீழ் வீட்டு சபீனா அக்கா கிச்சடி கொண்டுவந்து கொடுத்தார். வேலூர்க்காரர், ஆனால் இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது; ஏன் என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று இந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார். "கைக்கு தம்பி இப்படி நடந்துக்கிட்டே இருக்கீங்க? எங்க ஃபேனே ஆடுது. ஆபீஸ் நக்கோ, நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றார். ஊருக்கு வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே மாமா.

இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

சுபாவுக்குப் பத்தொன்பது வயதில் சர்க்கரை வியாதி வந்தது, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. ஊசி போடக் கற்றுக்கொடுத்தது நீங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணக்கு என் கைக்கு வந்தது. தினமும் நான்கு தடவை அளந்து எக்செல்லில் ஏற்றுவேன். அளவு கூடினால் கட்டம் சிவப்பாகும்படி செய்திருந்தேன். "எனக்குப் பசிக்குதான்னு உங்க எக்செல்லைக் கேட்டுச் சொல்லுங்க" என்று கிண்டல் செய்வாள். ஒருமுறை அமீர்பேட் மெட்ரோ படியில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து இறங்குவது ஒன்றுதான் எனக்குப் பயம். ஏறுவது வெறும் சிவப்புக் கட்டம்.

அந்தப் புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல், வாந்தி. தண்ணீர் கூட நிற்கவில்லை. சாயங்காலம் ஊசியை எடுத்தாள். நான்தான் வாங்கி உள்ளே வைத்தேன். "ஒண்ணுமே சாப்பிடலையே, போட்டா லோ ஆயிடும், சாப்பிட ஆரம்பிச்சதும் போட்டுக்கலாம்" என்றேன். உள்ளே எதுவும் போகவில்லை, பிறகு ஊசி எதற்கு? எனக்கு அது சரியான கணக்காகப் பட்டது. "போடணும்னுதான் தோணுது வெங்கட்" என்றாள். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. மறுநாளும் போடவில்லை. மீட்டர் நானூறு காட்டியது. காய்ச்சல் விட்டால் தானாக இறங்கிவிடும் என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் மூச்சு இரைத்தது. அப்புறம்தான் ஆட்டோ பிடித்தேன்.

ஊசியை நிறுத்தியது யார் என்று டாக்டர் கேட்டார். அவளே நிறுத்திவிட்டாள் என்று சொன்னேன். அவள் கண் மூடிப் படுத்திருந்தாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

உங்களிடமும் அதையேதான் சொன்னேன். காரியத்துக்கு வந்தவர்களிடம் நீங்கள், "சின்ன வயசுலேர்ந்தே அவ அஜாக்கிரதை" என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் அஜாக்கிரதை இல்லை மாமா.

அவளுடைய ஆஸ்பத்திரித் தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து, தேதி போட்டு, ஃபோல்டர் பிரித்து வைத்திருந்தேன். ஒன்றையும் படித்ததில்லை. போன வாரம் ஆபீசுக்கு ஏதோ சான்றிதழ் தேடும்போது ஒரு தாள் திறந்தது. காய்ச்சல், வாந்தி நாட்களில் என்ன செய்வது என்று ஒரு பக்கம். சாப்பிட முடியாவிட்டாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது என்பதுதான் அதில் முதல் வரி. காய்ச்சலில், சாப்பிடாமலே சர்க்கரை ஏறுமாம். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகிவிடுமாம். இரண்டு வருடமாக என் கம்ப்யூட்டரில் இருந்த பக்கம் இது.

உங்களுடையது வேறு வகை. சரியாகச் சாப்பிடாமல் பழைய அளவே போட்டால் இறங்கியும் விடலாம். அதனால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகப் பழையபடி தொடங்கவும் வேண்டாம். எத்தனை யூனிட் என்று நான் சொல்ல மாட்டேன். இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்றே டாக்டரிடம் போங்கள். நான்கைந்து நாளாக ஊசி போடவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்று இரண்டையும் சொல்லுங்கள். அதற்குள் வாந்தி வந்தாலோ, மூச்சு இரைத்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சல்தான் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தபாலில் வர நாளாகும். அதனால் படம் எடுத்து உங்கள் போனுக்கும் இப்போதே அனுப்புகிறேன். அத்தையும் படிக்கட்டும். படித்ததும் எனக்குப் பதில் போட வேண்டாம், முதலில் கிளம்புங்கள். மன்னிப்பைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நீங்கள் என்னை நிறையத் திட்ட வேண்டும் மாமா. ஒருநாளில் தீராது. அதற்காகவாவது நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெங்கட்