வடை வாசம் இல்லாத எண்ணெய்

செவ்வாய்க்கிழமை, இரவு.

வடை, மீன் பொரித்துக் கழித்த எண்ணெயில் மட்டுமே பயோடீசல் செய்வோம் என்று எங்கள் கம்பெனி தானாகவே வாசலில் போர்டு வைத்திருக்கிறது. இன்று வந்த டேங்கரில் எண்ணெய் கறுப்பாகத்தான் இருந்தது. வரும் எண்ணெயைச் சோதிப்பது என் வேலை; முகர்ந்து பார்த்தேன். வடை வாசமும் இல்லை, மீன் வாசமும் இல்லை. கழித்த எண்ணெய்க்குத்தான் இங்கே விலை அதிகம் என்பதால், பழைய எண்ணெய் என்று காட்ட, புதுப் பாமாயிலில் கரியைக் கலந்திருக்கிறார்கள். நான் இறக்க விடவில்லை.

மேனேஜர் வந்தார். "ஏனுங்க மேடம், கவர்மெண்டா கேக்குது? நாமளே போட்டுக்கிட்ட ரூலுதானுங்களே."

"நாமளே போட்டுக்கிட்டதுனாலதானுங்க மீற முடியல."

"அப்பறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லீங்க."

போனால் போகட்டும். நாளைக்கு அந்த டேங்கரை உள்ளே விடுவதென்றால், முதலில் வாசல் போர்டைக் கழற்றட்டும். ஏணியை நானே பிடிக்கிறேன்.